முப்பதுகளில் வெயிட் தூக்கத் தொடங்குபவருக்கு: ஜிம்மா, வீடா, தண்டால்-பஸ்கியா?

முப்பதைத் தாண்டிய ஒருவர் உடம்பை ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்ததும் கேட்கிற முதல் கேள்வி இடத்தைப் பற்றியது. பக்கத்துத் தெரு ஜிம்மில் சேரலாமா, ஏசி போட்ட பெரிய ஜிம்மில் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டலாமா, டம்பெல் வாங்கி வீட்டிலேயே போடலாமா, அல்லது காசு செலவில்லாமல் மொட்டை மாடியில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தால் போதுமா? நான்குக்கும் பரிந்து பேச ஆள் இருக்கிறார்கள். அவரவருக்குப் பலித்ததை அவரவர் சொல்கிறார்கள். அதனால் கேட்கிறவருக்குக் குழப்பம்தான் கூடுகிறது.

நான் எந்த வழியையும் இரண்டு கேள்விகளில் உரசிப் பார்க்கிறேன். வாரம் மூன்று நாள் என்ற கணக்கில் இரண்டு வருடம் உங்களால் அங்கே போக முடியுமா? அந்த இடத்தில் சுமையைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போக வசதி இருக்கிறதா? கண்ணாடி, பாட்டு, ஸ்டீம் ரூம், மாஸ்டரின் கை தடிமன் எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகு வருபவை. இருபது வயதில் இதையெல்லாம் யோசிக்கத் தேவையில்லை. கல்லூரி முடிந்து மாலை முழுவதும் ஜிம்மில் கிடக்கலாம், எப்படிப் போட்டாலும் உடம்பு ஏறும். முப்பத்தைந்தில் கையில் இருப்பது வாரத்துக்கு மூன்று மணி நேரம். அதை எங்கே செலவிடுகிறோம் என்பது முக்கியமாகிவிடுகிறது.

இந்த வயதில் ஏன்

முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எலும்பின் அடர்த்தியும் ஏறக்குறைய முப்பது வயதில் உச்சத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு இறங்கத் தொடங்குகிறது. இரண்டுமே சத்தமில்லாமல் நடப்பவை. எடை இயந்திரத்தில் ஏறினால் அதே 70 கிலோவைத்தான் காட்டும். அதற்குள் தசை குறைந்து கொழுப்பு கூடியிருப்பதை அது சொல்லாது.

நம் ஆட்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படங்களையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டார்கள். ஒருவர் புணேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பிஎம்ஐ ஒன்றுதான்: 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் வந்து, 'நான் ஒன்றும் குண்டு இல்லையே' என்று நிம்மதியாக இருக்கும் உடல்வாகை நம் வீடுகளில் தேடவே வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' சர்க்கரை நோய் ஆய்வு 2023-ல் வெளியானபோது தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளிகளின் விகிதம் 14.4 சதவீதம் என்று வந்தது. நாடு முழுவதற்குமான சராசரி 11.4. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. அது குறைந்தால் சர்க்கரைக்குப் போக இடம் குறைகிறது. அதனால்தான் முப்பதுகளில் வெயிட் தூக்குவதை நான் அழகுக் கலையாகப் பார்ப்பதில்லை.

'வயசாயிடுச்சு, இனிமே ஏறாது' என்ற பேச்சில் உண்மை கிடையாது. 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதைச் சுற்றியிருந்தவர்களுக்கு எட்டு வாரம் கால் தசைக்குச் சுமைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 90-ல் முடிந்தது 34-ல் முடியாதா? முப்பதுகளில் உண்மையிலேயே மாறுவது வேறு: தூக்கம் குறைவு, நாற்காலியில் பத்து மணி நேரம், இறுகிப்போன இடுப்பு, குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரம். தேர்வு செய்யும்போது இவற்றைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பக்கத்துத் தெரு ஜிம்

தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் ஒன்று இருக்கும். மாடியில் ஒரு ஹால், சுவரில் பாடி பில்டர் படங்கள், துருப்பிடித்த பிளேட்டுகள், இரண்டு பெஞ்ச், சுமையோடு பஸ்கி எடுக்க ஒரு ஸ்குவாட் ரேக், ஓடாத ட்ரெட்மில். மாதக் கட்டணம் பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைச் சுற்றி இருக்கும், சிறிய ஊர்களில் அதற்கும் கீழே. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான்.

காரணம் பார்பெல், அதாவது இரண்டு முனையிலும் பிளேட் மாட்டும் நீளமான இரும்புக் கம்பி. தசை வளர்வதற்கு அடிப்படை, போன முறை செய்ததைவிட இந்த முறை கொஞ்சம் கூடச் செய்வது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு சிறியதாக இருக்க முடிகிறதோ அவ்வளவு நாள் தடையில்லாமல் ஏறலாம். பார்பெல்லின் இரண்டு பக்கமும் 1.25 கிலோ பிளேட் போட்டால் 2.5 கிலோ கூடுகிறது. 40 கிலோவில் ஸ்குவாட் போடுபவருக்கு அது 6 சதவீத ஏற்றம். டம்பெல்லில் 5 கிலோவிலிருந்து அடுத்ததாக இருப்பது 7.5 என்றால் ஒரே தாவலில் 50 சதவீதம். இங்கேதான் பலர் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு, 'எனக்கு ஏற மாட்டேங்குது' என்று விட்டுவிடுகிறார்கள். வெறும் 20 கிலோ பாரில் ஸ்குவாட் தொடங்கி வாரம் 2.5 கிலோ கூட்டினால் பதினாறு வாரத்தில் 60 கிலோ. புதியவர் ஒருவருக்கு இது எட்டாத கணக்கு அல்ல.

பெரிய ஏசி ஜிம்மில் இவை கிடைக்காது என்றில்லை. கிடைக்கும், சுத்தமாகவும் இருக்கும். ஆனால் அங்கே தரைத்தளம் முழுக்க மெஷின், பார்பெல் ரேக் மூலையில் ஒன்றே ஒன்று, மாலை ஏழு மணிக்கு அதற்கு வரிசை என்ற நிலையை நிறைய இடங்களில் காணலாம். மெஷின் மோசம் என்று சொல்ல வரவில்லை. முதுகு வலிக்காரருக்கு லெக் பிரஸ் (உட்கார்ந்து காலால் சுமையைத் தள்ளுவது), சின்-அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது) எடுக்க முடியாதவருக்கு லேட் புல்டவுன் (உட்கார்ந்து கம்பியை மேலிருந்து கீழே இழுப்பது) இரண்டும் அருமையான கருவிகள். ஆண்டுக் கட்டணத்தில் கொடுக்கும் தள்ளுபடிதான் எனக்கு உடன்பாடில்லாதது. ஜனவரியில் பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டியவர்களில் எத்தனை பேரை ஜூலையில் அங்கே பார்க்கிறோம்? மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், மாதக் கணக்கில் கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் சரி. சேருவதற்கு முன் நீங்கள் போகப்போகும் அதே நேரத்தில் ஒரு முறை போய் நின்று பாருங்கள். காலை பதினொரு மணிக்குக் காலியாக இருக்கும் ஜிம், அலுவலகம் முடிந்து நீங்கள் வரும் நேரத்தில் வேறு இடமாகிவிடும்.

தூரம் பற்றியும் கறாராக இருக்க வேண்டும். வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ பத்து நிமிடத்துக்கு மேல் என்றால், எவ்வளவு நல்ல ஜிம்மாக இருந்தாலும் நான் வேண்டாம் என்பேன். வேளச்சேரியில் குடியிருந்துகொண்டு நுங்கம்பாக்கம் ஜிம்மில் சேருபவர் ஜிம்மைவிட டிராஃபிக்கில்தான் அதிக நேரம் இருப்பார்.

பெண்களுக்குத் தெருமுனை ஜிம் எல்லா இடத்திலும் ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'லேடீஸ் டைமிங்' என்று பகல் பத்து மணிக்கு மேல் ஒதுக்கியிருப்பார்கள், வேலைக்குப் போகிறவருக்கு அதனால் பயனில்லை. ட்ரெட்மில்லையும் இரண்டு கிலோ டம்பெல்லையும் கையில் கொடுத்து, 'உங்களுக்கு இது போதும் மேடம்' என்று அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. போதாது. எலும்பு தேய்வு பெண்களுக்குத்தான் வேகம் என்பதால் கனமான சுமை அவர்களுக்குத்தான் கூடுதல் அவசியம். ஆம்பளை மாதிரி கை வந்துவிடும் என்ற பயத்துக்கும் இடமில்லை. அந்த அளவுத் தசைக்குத் தேவையான டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண் உடலில் இல்லை.

வீட்டில் ஒரு மூலை

இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீடு, இரவு ஷிஃப்ட், வயதான பெற்றோரைத் தனியே விட்டுப் போக முடியாத நிலை. இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல ஜிம்மைவிடச் சுமாரான வீட்டுக் கருவியே மேல். இரண்டு வருடம் போக முடியுமா என்ற முதல் கேள்வியில் வீடு எல்லாவற்றையும் தோற்கடித்துவிடும். குழந்தை தூங்கிய இருபத்தைந்து நிமிடத்தில் மூன்று பயிற்சியை முடித்துவிடலாம்.

இரண்டாவது கேள்வியில்தான் வீடு சறுக்குகிறது. ஆன்லைனில் 'ஹோம் ஜிம் செட்' என்று வருவதில் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் நிரப்பிய பிளேட், மெல்லிய பார், எல்லாம் சேர்த்து 20 கிலோ. கைக்கும் தோளுக்கும் சில மாதம் ஓடும். காலுக்கும் முதுகுக்கும் இரண்டாம் மாதமே பற்றாது. அதற்குப் பதில் இரும்பு பிளேட் வாங்குங்கள். விளையாட்டுச் சாமான் கடைகளில் கிலோ கணக்கில் விற்பார்கள். சென்னையில் பெரியமேடு பக்கம் போனால் வரிசையாகக் கடைகள் உண்டு. கழற்றி மாட்டும் டம்பெல் கைப்பிடி இரண்டு, 50 கிலோ அளவுக்குப் பிளேட், அதில் 1.25 கிலோ பிளேட் குறைந்தது நான்கு இருக்கட்டும், சாய்க்கக்கூடிய பெஞ்ச் ஒன்று. இது ஒரு வருடத்துக்குத் தாங்கும், பெண்கள் பலருக்கு அதற்கு மேலும் தாங்கும். வாங்கும்போது பிளேட்டின் ஓட்டையைப் பாருங்கள். ஒலிம்பிக் பாரின் முனை 50 மில்லிமீட்டர் தடிமன், சாதாரணப் பார் அதில் பாதியை ஒட்டி இருக்கும். ஒன்றின் பிளேட் மற்றதற்குப் பொருந்தாது. பின்னாளில் நீளமான பார் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே எது என்று தீர்மானித்துவிடுவது நல்லது.

வாடகை வீட்டில் சுவரைத் துளைத்துப் புல்-அப் பார் மாட்ட வீட்டுக்காரர் விடமாட்டார். மரக் கதவு நிலையில் மாட்டுவது நிலை உறுதியாக இருந்தால் மட்டும். அடுக்கு மாடியில் கீழ் வீட்டுக்காரர் ஞாபகமும் வேண்டும். கனமான ரப்பர் மேட் போட்டாலும் வெயிட்டைத் தொப்பென்று போடுகிற பழக்கம் கூடாது.

தனியாக பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்துச் சுமையை மேலே தள்ளுவது) போடுவதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரேக் இல்லாமல், பக்கத்தில் ஆள் இல்லாமல் பார்பெல்லை நெஞ்சுக்கு மேல் தூக்காதீர்கள். கடைசி ரெப்பில் (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) கை ஓய்ந்தால் பார் கழுத்தில் வந்து உட்காரும். வீட்டில் நெஞ்சுப் பயிற்சிக்கு டம்பெல் போதும், அது இரண்டு பக்கமும் தரைக்கு இறக்கிவிடக்கூடியது.

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை

நம் தாத்தாக்கள் வெயிட் பிளேட்டைப் பார்த்தா உடம்பு வளர்த்தார்கள் என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். தண்டாலில் உடம்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கையில் இறங்குகிறது. 70 கிலோ ஆளுக்கு அது 45 கிலோவுக்கு மேல். நெஞ்சுக்கும் தோளுக்கும் பின்கைக்கும் தொடக்கத்தில் இதைவிட நல்ல பயிற்சி தேட வேண்டாம். லேசான சுமையில் முப்பது ரெப் வரை போனாலும், முடியாத நிலையை நெருங்கும் வரை செய்தால் தசை ஏறுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். பலம் கூட வேண்டுமானால் மட்டும் கனமான சுமைதான் வேண்டும்.

பஸ்கியில் இந்த வழி தளர்கிறது. கால் தசை பெரியது, ஏற்கெனவே நாள் முழுக்க உடம்பைச் சுமந்து பழகியது. ஒரு மாதத்தில் நாற்பது, ஐம்பது என்று பஸ்கி எடுப்பீர்கள், அதற்குப் பிறகு வளர்வது மூச்சுத் திறன்தான். பின்காலை நாற்காலியில் வைத்து ஒற்றைக் காலில் இறங்குவது, முதுகுப் பையில் அரிசி மூட்டையைப் போட்டுக்கொள்வது என்று நீட்டிக்கலாம், அதற்கும் எல்லை உண்டு. இன்னொரு ஓட்டை முதுகு. வெறும் தரையில் தள்ளும் பயிற்சி எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம், இழுக்கும் பயிற்சிக்குத் தொங்க ஏதாவது வேண்டும். கணினி முன் கூன் போட்டு உட்காருபவர் தண்டால் மட்டும் எடுத்தால் தோள் இன்னும் முன்னால் வரும். மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் உடற்பயிற்சிக் கம்பிகள் உள்ளன. வாரம் மூன்று நாள் அங்கே போய்த் தொங்கினால் அந்தக் குறை தீரும். முதலில் சின்-அப் வராது. மேலே குதித்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குவதிலிருந்து தொடங்குங்கள்.

கையில் பிடித்துச் சுழற்றும் கனமான மரக்கட்டையான கர்லாக்கட்டை வேறு ரகம். சிலம்பக்கூடங்களிலும் பழைய தேகப்பயிற்சிச் சாலைகளிலும் இன்றும் சுற்றுகிறார்கள். தோள் மூட்டு எல்லாத் திசையிலும் சுழலவும், கைப்பிடி உறுதியாகவும், இடுப்பு திரும்பவும் அதற்கு நிகரில்லை. கணினி மவுஸ் பிடித்துப் பிடித்துத் தோள் இறுகியவர்களுக்கு நான் மனதாரச் சொல்வேன். ஆனால் உடம்பு ஏற்ற வேண்டும் என்பதே நோக்கமென்றால் அதை முன் தயாரிப்பாக வைத்துக்கொள்ளலாம், முழுப் பயிற்சியாக அல்ல. மாஸ்டர் இல்லாமல் வீடியோ பார்த்துச் சுற்றவும் கூடாது, தப்பினால் மண்டையில் விழும்.

பர்சனல் டிரெய்னர்

ஒரு வருடத்துக்குத் தேவையில்லை. முதல் மாதத்துக்கு மிகவும் தேவை. ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து சுமையைத் தூக்கி நிமிர்வது), பெஞ்ச் பிரஸ், ரோ (குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது), ஓவர்ஹெட் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது) ஐந்தையும் ஒருவர் பக்கத்தில் நின்று திருத்திக் கொடுத்தால் பிறகு நீங்களே போடலாம். நல்ல மாஸ்டரை அடையாளம் காண ஒரு வழி: முதல் நாள் உங்கள் பழைய காயம், பிபி, வேலை நேரம் பற்றிக் கேட்கிறாரா, அல்லது நேராகப் புரதப் பொடி டப்பாவைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். முதல் நாளே கைகால் தூக்க முடியாதபடி நொறுக்கி அனுப்புபவரிடம் மறுநாள் போகாதீர்கள். பழக்கமில்லாத உடம்பை அளவுக்கு மீறி வதைத்தால் தசை இழைகள் உடைந்து அவற்றின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலைகூட வரலாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்று நாளா, ஆறு நாளா

இடத்தைவிட இந்த முடிவு முக்கியமானது என்று நினைக்கிறேன். நம் ஜிம்களில் வழிவழியாக வருவது திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர் என்று வாரத்தை வெட்டும் முறை. திங்கட்கிழமை மாலை எந்த ஜிம்முக்குப் போனாலும் பெஞ்ச் பிரஸ் கிடைக்காது, அதற்குக் காரணம் இதுதான். போட்டிக்குத் தயாராகும் பாடி பில்டருக்கு உருவான முறை இது. ஒவ்வொரு தசையையும் வாரத்துக்கு ஒரே முறை போட்டு நொறுக்கிவிட்டு ஏழு நாள் காத்திருப்பது.

தொடங்குபவரின் தசை ஒரு பயிற்சிக்குப் பிறகு ஓரிரு நாள்தான் வேகமாக வளர்ச்சி வேலை செய்கிறது. அதன் பிறகு அடுத்த தூண்டுதலுக்குத் தயார். வாரம் ஒரு முறையைவிட இரண்டு முறை அதே தசையைப் போடுபவருக்கு வளர்ச்சி கூடுதல் என்பதை 2016-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றும் காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் எல்லாப் பெரிய தசைகளுக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது வேலை கொடுக்கச் சொல்கிறது.

இன்னொரு காரணம் குடும்பஸ்தருக்கானது. ஆறு நாள் முறையில் வியாழக்கிழமை லெக் டே அன்று மாமனார் வீட்டு விசேஷம் வந்தால், கால் அந்த வாரம் முழுக்கப் போயிற்று. அடுத்த வியாழனும் ஆபீஸில் மாட்டினால் மூன்று வாரம் ஆகிவிடும். முழு உடம்பையும் வாரம் மூன்று நாள் போடும் முறையில் ஒரு நாள் தவறினால் எந்தத் தசையும் பட்டினி கிடக்காது, மீதி இரண்டு நாளில் எல்லாம் வந்துவிடும். முப்பதுகளில் வாழ்க்கை குறுக்கே வரும் என்று தெரிந்தே போடும் திட்டம் இது. ஒரு நாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ. அடுத்த முறை டெட்லிஃப்ட், ஓவர்ஹெட் பிரஸ், லேட் புல்டவுன். மாற்றி மாற்றி. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு ரெப், அப்படி இடைவெளி விட்டு மூன்று சுற்று (செட்), இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற இடத்தில் நிறுத்திவிடுவது. மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுவது. இதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் சில வாரங்களில் நீங்கள் தூக்கும் எடை வேகமாகக் கூடும், உடம்பில் ஒன்றும் தெரியாது. நரம்புகள் தசையைச் சரியாக இயக்கக் கற்றுக்கொள்ளும் காலம் அது. கண்ணுக்குத் தெரிய மூன்று மாதமாவது ஆகும். தசையைவிட அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும் என்பதால், தூக்க முடிகிறதே என்று வாரம் பத்து கிலோ கூட்டுபவருக்கு முழங்கையும் முழங்காலும் வலிக்கத் தொடங்கும்.

முட்டையா, பொடியா

49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வந்த கட்டுரை ஒன்று, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதத்துக்கு மேல் போனால் தசைக்குக் கூடுதல் பலன் பெரிதாக இல்லை என்று கண்டது. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். நம் வழக்கமான சாப்பாட்டில், காலையில் நான்கு இட்லி, மதியம் சாதம் சாம்பார் பொரியல், இரவு தோசை என்றால் அதில் பாதியை எட்டுவதே கடினம். ஒரு இட்லியில் சுமார் இரண்டு கிராம்தான்.

மீதியை நிரப்ப டப்பா தேவையா? நான்கு முட்டை 24 கிராம், அரை லிட்டர் பால் 16, ஒரு கப் வேகவைத்த கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல் 14, 150 கிராம் கோழி நெஞ்சுக்கறி 33. சாதம் சாம்பாரோடு சேர்த்தால் கணக்கு முடிந்துவிட்டது. சைவம் என்றால் கறிக்கும் முட்டைக்கும் பதில் 50 கிராம் காய்ந்த சோயா உருண்டை 26 கிராம் தரும், 100 கிராம் பன்னீர் 18 அளவில். காசுக்குக் கிடைக்கும் புரதத்தில் சோயா உருண்டையை அடிக்க எதுவுமில்லை. சைவத்தில் மொத்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கும், அங்கே பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடி ஒரு ஸ்கூப் வசதியாக இருக்கும் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் 2024-ல் இந்தியச் சந்தையின் 36 புரதப் பொடிகளைச் சோதித்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் போட்டிருந்த புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அதே வருடம் புரதப் பொடிகளைத் தவிர்க்கச் சொன்னது. தட்டில் முடிகிறவரை தட்டிலேயே முடிப்போம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இந்த அளவுகளுக்குப் போகும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

முதலில் எடையைக் குறைக்கவா, ஏற்றவா என்ற கேள்வியும் வரும். தொந்தியும் மெலிந்த கையும் சேர்ந்தவருக்கு இரண்டுமே வேண்டாம். இப்போது சாப்பிடும் அளவிலேயே சாதத்தைக் கொஞ்சம் குறைத்துப் புரதத்தைக் கூட்டுங்கள். புதிதாகத் தூக்குபவருக்குக் கொழுப்பு இறங்கும்போதே தசையும் ஏறும். அந்தச் சலுகை தொடக்கக்காரருக்கு அதிகம் கிடைக்கும்.

ஜிம்மில் யாராவது ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிப் பேசினால் அந்த இடத்தைவிட்டு விலகிவிடுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறியதும் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது, விந்தணு உற்பத்தியும் கூடவே படுத்துவிடும். குழந்தைக்காகக் காத்திருக்கும் வயதில் அதன் விலை என்ன என்பதை ஊசி விற்பவர் சொல்லமாட்டார்.

யாருக்கு எது

பத்து நிமிடத்தில் பார்பெல் உள்ள ஜிம் இருந்து, மாலையோ காலையோ ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் அதுதான், ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். முதல் மாதம் மாஸ்டருக்குத் தனியாகக் கொடுங்கள். நேரம் உங்கள் கையில் இல்லையென்றால் வீட்டில் இரும்பு டம்பெல். காசே இல்லை அல்லது ஊர் ஊராகப் பயணம் என்றால் தண்டால், ஒற்றைக் கால் பஸ்கி, பூங்காக் கம்பி. இது ஆறு மாதம் நன்றாக ஓடும், பிறகு காலுக்கு எடை தேட வேண்டியிருக்கும். இரு கை டம்பெல்லும் சேர்த்து உங்கள் எடையில் பாதியைப் பிடித்துக்கொண்டு ஸ்குவாட் பத்து ரெப் சுலபமாக வருகிறது என்றால் வீட்டு மூலையைவிட்டு ரேக் இருக்கும் இடத்துக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

தொடங்குவதற்கு முன் பிபியும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கனம் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், ஏற்கெனவே பிபி இருந்து தெரியாமலிருப்பவருக்கு அது ஆபத்து. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் இதய மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டு வரவும். சிசேரியன் ஆனவர்கள் மகப்பேறு மருத்துவர் சரி என்ற பிறகு. பிற்பாடு மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் போவதாக இருந்தால் அதற்கு முந்தைய சில நாள் வெயிட் தூக்க வேண்டாம். கடும் பயிற்சிக்குப் பிறகு தசையிலிருந்து கசியும் என்சைம்கள் கல்லீரல் பரிசோதனை எண்களையும் ஏற்றிக் காட்டும். கிரியேட்டின் பொடி எடுப்பவர்களுக்கும் தசை கூடியவர்களுக்கும், சிறுநீரகப் பரிசோதனையில் பார்க்கும் கிரியேட்டினின் அளவும் கொஞ்சம் உயர்ந்து வரலாம். ரிப்போர்ட்டைப் பார்க்கும் மருத்துவரிடம் 'நான் வெயிட் தூக்குகிறேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், தேவையில்லாத அடுத்த கட்டப் பரிசோதனைகள் மிச்சமாகும்.